ஹார்மோன் மேல் விழுந்த பழி

ஒரு நோய் நான்கு பேருக்கு வந்தால் அதில் மூன்று பேர் பெண்கள் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ‘ஹார்மோன்தான் காரணமாக இருக்கும்’ என்று உடனே பதில் வரும். குழந்தைகளின் கல்லீரலை அவர்களுடைய சொந்த நோய் எதிர்ப்பு ஆற்றலே தாக்கும் நோயில் கணக்கு ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. மருத்துவர்கள் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்று சொல்லும் இந்தக் கல்லீரல் அழற்சி அரிதானது. கனடாவில் எடுத்த கணக்கின்படி, ஆண்டுக்குச் சுமார் நான்கு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்கு இது புதிதாக வருகிறது. பெரிய மருத்துவமனைகளின் தொகுப்புகளில் முக்கால்வாசிப் பேர் பெண் குழந்தைகள். அதிலும் பதின்வயதுக்காரர்கள் அதிகம். அதனால் பூப்பெய்துவதையும் இந்த நோயையும் சேர்த்து முடிச்சுப் போடுவது இயல்பாகிவிட்டது. அந்த முடிச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தவறு; அந்தத் தவறு குழந்தைகளுக்குக் கெடுதல் செய்கிறது. இந்த நோய் யாருக்கு வரக்கூடும் என்பதில் பெரும்பங்கு பிறக்கும்போதே கிடைத்த மரபணுக்களுக்கும் குரோமோசோம்களுக்கும் உரியது. எப்போது தலைகாட்டும், எவ்வளவு வேகம் பிடிக்கும் என்ற இடத்தில்தான் ஹார்மோன் வந்து சேர்ந்துகொள்கிறது. கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்து நான் வந்து சேர்ந்த முடிவு இது.

ஹார்மோன் மேல் பழி விழுந்த கதை பழையது. 1950இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோமும், மறு ஆண்டில் அமெரிக்காவின் ஹென்றி குங்க்கெலும் இளம் பெண்களிடம் காணப்பட்ட விசித்திரமான ஒரு கல்லீரல் நோயை விவரித்தார்கள். மஞ்சள் காமாலை வந்து விட்டுவிட்டு நீடித்தது; ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கூடவே முகப்பரு, தேவையற்ற இடங்களில் ரோம வளர்ச்சி, மாதவிலக்கு நின்றுபோவது. இந்த அடையாளங்களைப் பார்த்தால் யாருக்கும் சுரப்பிகளின் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களைச் செயலிழக்க வைத்து வெளியேற்றும் வேலையைச் செய்வதே கல்லீரல்தான். அது நோயுற்றால் ஹார்மோன்களின் வரவு செலவு குலைகிறது. உடல் மெலிந்து அழற்சி நீடிக்கும்போது மாதவிலக்கும் தடைப்படுகிறது. கல்லீரலுக்கு உரிய சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் மாதவிலக்கு தானே திரும்பிவிடுகிறது. அதாவது அன்று கண்ட குழப்பத்தில் பெரும்பகுதி நோயின் விளைவு. மெல்பர்னில் இயன் மெக்கே 1956இல் இதற்கு ‘லூபாய்டு ஹெபடைடிஸ்’ என்று பெயர் வைத்தார். தன்னுடலைத் தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் கண்டவர்களின் ரத்தத்தில் தென்படும் அடையாளம் இவர்களிடமும் இருந்ததுதான் காரணம். 1965வாக்கில் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்ற பெயர் வந்தது. பெயர் மாறியும், ‘இளம்பெண்களின் நோய்’ என்ற முத்திரை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கல்லீரலிலிருந்து ஊசியால் எடுத்த மெல்லிய துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இந்த நோய் என்ன செய்கிறது என்பது விளங்கும். கல்லீரல் ஆறு பக்கம் கொண்ட சின்னச் சின்னப் பாத்திகளாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பாத்தியின் மூலைகளிலும் ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து போகும் வழி ஒன்று உண்டு. அந்த வழிக்கும் பாத்திக்கும் நடுவே ஒரே ஒரு வரிசைக் கல்லீரல் செல்கள் வரப்பு மாதிரி நிற்கின்றன. இந்த நோயில் வெள்ளணுக்களும், எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல்களும் அந்த வழியில் வந்து குவிந்து, வரப்பை அரித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்குகின்றன. அரிக்கப்பட்ட இடத்தில் நார்த்திசு வளர்கிறது. ஒரு மூலையின் நார் இன்னொரு மூலையின் நாரோடு போய்ச் சேர்ந்தால் கல்லீரல் முடிச்சு முடிச்சாகச் சுருங்கத் தொடங்கும், அதுதான் சிரோசிஸ். முதன்முதலாகத் திசு எடுத்துப் பார்க்கும்போதே கணிசமான குழந்தைகளுக்குச் சிரோசிஸ் வந்துவிட்டிருக்கிறது. பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருக்கும், சற்றே சோர்வான ஒரு பிள்ளையின் உடம்புக்குள் இத்தனையும் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கலாம் என்பதை நினைத்தால் கலக்கமாகத்தான் இருக்கிறது.

இந்த நோயில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுவது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள். எலியின் கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை மூன்றையும் மெல்லிசாகச் சீவி ஒரே கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அதன் மேல் குழந்தையின் ரத்தத் தெளிவத்தை விடுவார்கள். ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்த்தால், எதிர்ப்பொருள் எங்கே போய் ஒட்டியிருக்கிறதோ அந்த இடம் பச்சையாக மின்னும். செல்களின் உட்கருவோ ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசையோ மின்னினால் பெரும்பாலும் அது முதல் வகை. கல்லீரல் செல்கள் முழுவதும் மின்னி, சிறுநீரகத்தின் சில நுண்குழல்களும் சேர்ந்து மின்னினால் அது எல்கேஎம்-1 என்ற எதிர்ப்பொருள், இரண்டாம் வகை. எல்கேஎம்-1 குறிவைப்பது சிஒய்பி 2டி6 என்ற நொதியை. நாம் சாப்பிடும் பல மருந்துகளைச் செரித்துக் கழிக்கும் அதே நொதிதான் இது. முதல் வகை பெரும்பாலும் பூப்பெய்தும் காலத்தை ஒட்டி வருகிறது. இரண்டாம் வகை அதற்கு வெகு முன்பே, பாலர் பள்ளி வயதிலும் சில சமயம் கைக்குழந்தைப் பருவத்திலுமே வந்துவிடுகிறது. திடீரென்று கல்லீரல் செயலிழப்பில் கொண்டு போய் விடுவதும் இதில் அதிகம். இந்த இரண்டாம் வகையிலும் பெண் குழந்தைகளே மிகுதி. மூன்று வயதுப் பெண்ணின் சினைப்பை உறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் ரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் பூப்பெய்திய பெண்ணுடையதோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. அப்படியிருந்தும் அவளைத்தான் நோய் அதிகம் தேடி வருகிறது. ஹார்மோன் ஒன்றே காரணம் என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை இங்கேயே நொண்டத் தொடங்கிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது அலட்சியப்படுத்தக்கூடியதும் அல்ல. பிறந்த சில மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் பாலின ஹார்மோன்கள் ஒருமுறை ஏறி இறங்குகின்றன. மருத்துவர்கள் ‘மினி பியூபர்ட்டி’ என்பார்கள். பெண் குழந்தைகளுக்கு அதன் ஏற்ற இறக்கம் கூடுதல் காலம் நீடிக்கிறது. அந்தச் சில மாதங்கள் எதிர்ப்பு மண்டலத்தில் ஒரு தடம் பதித்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்று கேட்கலாம். பதித்திருக்கலாம்தான். ஆனால் ஹார்மோன் இல்லாமலே பெண்ணுடலை வேறாக்கும் ஒன்று எல்லாச் செல்லிலும் கண்ணெதிரே இருக்கிறது: இரண்டாவது எக்ஸ் குரோமோசோம். எதிர்ப்பு மண்டலத்தின் முக்கியமான மரபணுக்கள் பல எக்ஸில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்7 அங்கே இருக்கிறது. தன் உடலைத் தாக்க வரும் வெள்ளணுக்களை அடக்கிவைக்கும் செல்களுக்கு அடிப்படையான ஃபாக்ஸ்பி3யும் அங்கேதான். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று வாய்மூடி இருக்கும் என்று 1961இல் மேரி லயன் சொன்னார். அந்த வாய்மூடல் முழுமையானதல்ல என்பது பின்னால் தெரிந்தது. டிஎல்ஆர்7 உட்படச் சில மரபணுக்கள் மூடிய எக்ஸிலிருந்தும் கசிந்து வேலை செய்கின்றன.

எக்ஸ்எக்ஸ்ஒய் என்று மூன்று பாலினக் குரோமோசோம்களோடு பிறக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். உடலமைப்பில் ஆண்கள், ஆனால் இரண்டு எக்ஸ். லூபஸ் என்ற தன்னுடல் தாக்கும் நோய் மற்ற ஆண்களைவிட இவர்களுக்குச் சுமார் 14 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2024இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு சாங் குழுவினர் இன்னொரு படி மேலே போனார்கள். இரண்டாவது எக்ஸை மூடும் வேலையைச் செய்யும் எக்ஸிஸ்ட் என்ற ஆர்என்ஏவை ஆண் எலிகளின் உடலில் உண்டாக்கினார்கள். லூபஸ் போன்ற நோயைத் தூண்டியபோது, அந்த ஆண் எலிகளைப் பெண் எலிகளுக்கு நெருக்கமான அளவில் நோய் பீடித்தது. இவை லூபஸ் பற்றிய சான்றுகள், கல்லீரல் பற்றியவை அல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்று வயதுப் பெண் குழந்தையின் கல்லீரலுக்கு விளக்கம் தேடும்போது, உறங்கும் சினைப்பையைவிட விழித்திருக்கும் குரோமோசோம் எனக்கு நம்பத்தகுந்த சாட்சியாகத் தெரிகிறது.

எக்ஸ் குரோமோசோம் ஒரு பக்கம் இருக்க, இந்த நோயில் மிக உறுதியாகத் தெரிந்த மரபணுச் சான்று ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. எச்எல்ஏ என்ற மரபணுக் கூட்டம் அது. செல்லுக்குள் என்ன புரதம் இருக்கிறது என்பதைச் சிறு துண்டாக்கி வெளியே ஏந்திக் காட்டுவது எச்எல்ஏ புரதத்தின் வேலை. வெள்ளணு வந்து பார்த்துவிட்டு ‘நம்மவரா, அயலா’ என்று முடிவு செய்யும். ஏந்தும் அந்தக் கிண்ணத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். வட ஐரோப்பாவில் முதல் வகை நோய் வந்தவர்களிடம் டிஆர்3 என்ற வடிவம் மிகுந்திருக்கிறது. இரண்டாம் வகையில் டிஆர்3உடன் டிஆர்7. கிண்ணச் சுவரின் 71ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்ற அளவுக்கு ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே லைசின் இருந்தால் சில துண்டுகள் அதில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. வட ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு டிஆர்4 வடிவமும் ஆபத்தைக் கூட்டுகிறது. குழந்தைகளிடமோ அப்படிக் காணவில்லை. நோய் ஒன்றுதான் என்றாலும் குழந்தையிடம் வரும் வழி சற்றே வேறு என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? தென் அமெரிக்காவுக்குப் போனால் காட்சி மறுபடி மாறுகிறது. அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் குழந்தைகளிடம் டிஆர்13 மேலோங்கி நிற்கிறது. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அர்ஜென்டினாவில் அது மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போன குழந்தைகளிடம் இதே டிஆர்13 அதிகம் இருந்தது. கல்லீரல் புரதங்கள் நெடுநாள் வெளியே கொட்டிக் கிடந்ததில் எதிர்ப்பு மண்டலம் அவற்றை எதிரியாகப் பழகிக்கொண்டிருக்கலாம் என்பது அங்குள்ள ஆராய்ச்சியாளர்களின் ஊகம்.

அப்படியானால் எல்லாம் மரபணுவின் விதிதானா? அதுவும் இல்லை. டிஆர்3 வடிவம் ஐரோப்பாவில் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கிறது. அவர்களில் மிகமிகச் சிலருக்கே இந்த நோய். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. ஒற்றை மரபணுவே உடைந்துபோன குழந்தைகளிடமும் இதே பாடம்தான். பின்லாந்து, சார்டீனியா, ஈரானிய யூதர்கள் நடுவே அபெசெட் என்ற பரம்பரை நோய் உண்டு. 21ஆவது குரோமோசோமில் இருக்கும் ஏர் என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகும்போது அது வருகிறது. பல சுரப்பிகளைத் தன்னுடல் தாக்கும் இந்த நோயில் ஐந்தில் ஒரு குழந்தைக்குக் கல்லீரலும் தாக்கப்படுகிறது. அதே மரபணு உடைந்தும் மற்ற நால்வரின் கல்லீரல் தப்பிக்கிறது. மரபணு நிலத்தைத் தயார் செய்கிறது. விதை விழ வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

ஏர் மரபணு இந்தக் கதையில் நடுநாயகமானது. ஹார்மோனும் மரபணுவும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. வளரும் டி செல்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஏர் மரபணு அங்கே ஒரு வினோதமான காரியம் செய்கிறது. கணையம், தோல், கல்லீரல் என்று உடலின் வெவ்வேறு உறுப்புகளுக்கே உரிய புரதங்களைத் தைமஸில் கொஞ்சம் கொஞ்சம் தயாரிக்க வைத்துக் காட்டுகிறது. எந்த டி செல் அவற்றைக் கண்டு சீறுகிறதோ அது அங்கேயே அழிக்கப்படும், இல்லாவிட்டால் அடக்கும் செல்லாக மாற்றப்படும். காட்டப்படாத புரதத்தைப் பின்னாளில் உடலில் சந்திக்கும் செல் அதை அயலாக நினைக்கக்கூடும். 2016இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இந்த இடத்தில் வெளிச்சம் போட்டன. ஈஸ்ட்ரோஜன் தைமஸில் ஏரின் அளவைக் குறைக்கிறது என்று ஒன்று காட்டியது. ஆண்ட்ரோஜன் அதைக் கூட்டுகிறது என்று மற்றது காட்டியது. பூப்பெய்திய பிறகு பெண்களின் தைமஸில் ஏர் குறைவாக இருப்பதும் தெரிந்தது. ஆகப் பருவ வயதில் ஹார்மோன் புதிதாக ஒரு நோயை உண்டாக்குவதாக நினைக்கத் தேவையில்லை. பிறவியிலேயே சற்றுப் பொருத்தமில்லாத எச்எல்ஏ கிண்ணத்தோடும் இரட்டை எக்ஸோடும் வந்த ஒரு பெண்ணுக்கு, தைமஸின் கண்காணிப்பு சற்றே தளரும் காலமாக அது அமைகிறது. முதல் வகை நோய் ஏன் பதின்வயதில் குவிகிறது என்பதற்கு நான் கண்டவற்றுள் மிகப் பொருத்தமான விளக்கம் இதுதான்.

ஈஸ்ட்ரோஜனை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் பாதி ஏற்றிவிட்டதும், கர்ப்பம் வந்து வழக்கைச் சிக்கலாக்குகிறது. சிறு வயதில் இந்த நோய் கண்டு, சிகிச்சையால் வளர்ந்து தாயாகும் பெண்கள் இன்று பலர் இருக்கிறார்கள். வாழ்நாளிலேயே ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருப்பது கர்ப்பத்தின் பிற்பகுதியில். ஈஸ்ட்ரோஜன் நெருப்புக்கு எண்ணெய் என்றால் அப்போது நோய் கொழுந்துவிட்டு எரிய வேண்டும். நடப்பது நேர்மாறு. கர்ப்பத்தின் பிற்பாதியில் நோய் பலருக்கும் அடங்குகிறது; பிள்ளை பிறந்து ஹார்மோன் சரிந்த சில மாதங்களில் மறுபடி கிளம்புகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த அளவில் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பிரிவைத் தூண்டும், மிகுந்த அளவில் அதே பிரிவை அடக்கும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஹார்மோனுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வருகிறவர்களை இந்தச் சான்று மறுத்துவிடுகிறது. ஹார்மோன்தான் எல்லாம் என்பவர்களுக்கும் இதில் ஆறுதல் இல்லை.

இன்னொரு நோயும் இங்கே சாட்சி சொல்கிறது. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஜியோர்ஜினா மியேலி-வெர்கானி குழுவினர் 16 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. தன்னுடல் தாக்கும் கல்லீரல் நோயின் அடையாளங்களோடு வந்த 55 குழந்தைகள் எல்லோருக்கும் பித்தக்குழாய்களையும் படமெடுத்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பித்தக்குழாய்களும் சிதைந்திருந்தன. எதிர்ப்பொருள்களும் திசுவின் தோற்றமும் பெரிதும் ஒன்றுபோலவே இருந்த அந்தப் பாதியில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சரிசமம்! பெண்ணுடல்தான் இந்த நோய்க் குடும்பத்தின் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை அது நிமிர்ந்து உட்கார வைத்திருக்க வேண்டும்.

‘காரணம் எதுவானால் என்ன, மருந்து ஒன்றுதானே?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மருந்து ஒன்றுதான், ஆனால் அதைத் தொடங்கும் நாள் நம் மனதில் இருக்கும் படத்தைப் பொறுத்தது. ‘வயசுக்கு வந்த பெண்களின் நோய்’ என்ற படம் மனதில் இருந்தால், காமாலையோடு வரும் ஆறு வயதுப் பையனுக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை எழுதத் தோன்றாது. மாதவிலக்கு தவறிய பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, கல்லீரல் நொதிகளைப் பார்க்க மறந்துபோவதும் நடக்கும். நம் ஊரில் இதோடு இன்னொன்று சேர்கிறது. காமாலை என்றால் கீழாநெல்லி, மோர், பத்தியம் என்பது வீடுகளில் ஊறிய வழக்கம். ஹெபடைடிஸ் ஏ தானே அடங்கும் நோய் என்பதால் அந்த வழக்கத்துக்கு வெற்றிக் கதைகளும் ஏராளம். ஆனால் தன்னுடல் தாக்கும் நோயும் பல குழந்தைகளிடம் அச்சு அசலாக வைரஸ் காமாலை போலவே தொடங்குகிறது. அதுவும் சில வாரம் தணிந்து மறுபடி வரும். கண்ணின் மஞ்சள் வடிந்ததைக் குணமாகிவிட்டது என்று குடும்பம் எடுத்துக்கொள்ளும்போது உள்ளே வரப்பு அரிபட்டுக்கொண்டிருக்கும். வைரஸ் பரிசோதனையில் ஒன்றும் தெரியாத காமாலை, வடிந்து திரும்பி வரும் காமாலை, மாதக்கணக்கில் இறங்காத நொதி அளவு இவற்றில் எது இருந்தாலும், ஆணோ பெண்ணோ, எந்த வயதோ, இம்யூனோகுளோபுலின் ஜி அளவையும் எதிர்ப்பொருள்களையும் பார்த்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு வைத்திருக்கும் எல்லைக்கோடு குழந்தைக்குப் பொருந்தாது. எல்கேஎம்-1 மிகக் குறைந்த அளவில், பத்து மடங்கு நீர்த்த தெளிவத்தில் தென்பட்டாலும் குழந்தையிடம் அதற்கு அர்த்தம் உண்டு. இரண்டாம் வகையில் நான்கில் ஒரு குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் அளவு சாதாரணமாகவே இருக்கும். அதே மூச்சில், செம்பு சேரும் வில்சன் நோயையும் விலக்கியாக வேண்டும். இந்திய மருத்துவமனைகளில் அதுவும் இதே வேடத்தில் வந்து நிற்கும் பழைய எதிராளி.

மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் விரல் தாயின் பக்கம் திரும்புவதையும், ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்று பேச்சு கிளம்புவதையும் தடுக்க வேண்டிய கடமையும் இருக்கிறது. எச்எல்ஏ வடிவங்கள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. ஊரில் ஆரோக்கியமாக நடமாடும் எத்தனையோ பேரிடம் இருப்பவை. நெருங்கிய உறவில் திருமணம் செய்வது ஏர் மரபணுப் பழுது போன்ற மிக அரிய வகைகளுக்கு வழி திறக்கலாம். சாதாரணமாகக் காணும் இந்த நோய் அப்படி ஒற்றை மரபணுவின் வழியில் இறங்கி வருவதில்லை. ஒரு பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மிகச் சிறியது.

சிகிச்சை பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் இறப்பு வெகுவாகக் குறைந்தது என்று லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வு 1971இலேயே காட்டிவிட்டது. குழந்தைகளுக்கு எடையின் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம், நாளுக்கு 60 மில்லிகிராமுக்கு மேற்படாமல் தொடங்கி, நொதி அளவு இறங்க இறங்க மருந்தைக் குறைத்து, அசாத்தியோபிரினைத் துணைக்குச் சேர்ப்பது வழக்கம். பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அடங்குகிறது. ஹார்மோன் பற்றிய பேச்சு மறுபடி உள்ளே வருவது இதற்குப் பிறகுதான், வேறொரு வாசல் வழியாக. ஸ்டீராய்டு முகத்தை உப்ப வைக்கிறது, பருவைக் கிளப்புகிறது, உயரத்தைத் தடுக்கிறது. பதினான்கு வயதில் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் வந்தால், மாத்திரையை யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு; பதின்வயதில் நோய் திரும்புவதற்கு முக்கியமான காரணங்களில் அது ஒன்று. அதனால்தான் முதல் மாதத்திலேயே உப்பிய கன்னத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, அளவு குறையக் குறைய முகம் பழையபடி திரும்பும் என்பதை அந்தப் பிள்ளையிடமே நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பிறகுதான் மருந்துச் சீட்டு பெற்றோர் கைக்குப் போக வேண்டும்.